சுவரில் வரைந்த ஸ்பேனர்கள்

அதியமான்கோட்டை,
2 பிப்ரவரி 2025

பிளசிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பேச்சு இல்லை. பொங்கல் லீவில் நீ வந்திருந்தபோது, டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாடியும், "நீ செஞ்சது தப்புன்னு சொல்ற வரைக்கும் என் வாய் உன்கிட்டப் பேசாது" என்று சொன்னேன் அல்லவா? சொன்ன சொல்லில் நிற்கிறேன். கைக்கு அப்படி ஒரு சபதமும் கிடையாது. அதனால் கை எழுதுகிறது. வாய் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து டீ குடிக்கிறது.

எழுதக் காரணம் இந்தப் பார்சல். பிரித்தால் உள்ளே ஒரு டார்ச் இருக்கும். பேனா பருமன், நீலக் கலர், பிடியில் உன் பெயர். நம் பஞ்சர் கடையில் கம்ப்ரஸருக்குப் பின்னால் கிடந்தது. யார் விட்டுவிட்டுப் போனது என்று நான் கேட்கவில்லை. "ஒரு ஸ்குரூ டிரைவர் கொறைஞ்சாக்கூட பிளேன வெளிய வுட மாட்டோம்பா" என்று எனக்குப் பாடம் எடுத்த ஒரு பெண், என் கடைச் சுவருக்கு வெள்ளையடித்து, ஸ்பேனர், லீவர், சுத்தியல் ஒவ்வொன்றையும் அதில் மாட்டி, சுற்றிலும் கறுப்புப் பெயிண்டில் கோடு இழுத்து, "எடுத்தா இங்கதான் மாட்டணும், கோட்டுக்குள்ள காலியா இருந்தா சாமான் வெளிய இருக்குன்னு அர்த்தம்" என்று சொன்ன அதே பெண், தன் டார்ச்சை மறந்துவிட்டு ஐதராபாத் பஸ் ஏறினாள் என்பதை மட்டும் பொதுமக்களுக்குத் தெரிவித்துவிட்டேன்.

பொதுமக்கள் என்றால் உன் அம்மா, பக்கத்துக் கோழிக்கடை பெரியண்ணன், டீ மாஸ்டர். மூன்று பேரும் நன்றாகச் சிரித்தார்கள். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்த அதே மூன்று பேர்தான். மனசு ஆறிவிட்டது.

பேட்டரியைக் கழற்றிவிட்டேன். போஸ்ட் ஆபீஸ் அம்மா, "பேட்டரி எல்லாம் ஏரோபிளேன்ல ஏத்த மாட்டாங்க" என்றார். "ஏம்மா, இது ஏரோபிளேன் ரிப்பேர் பண்ற பொண்ணோட டார்ச்சு" என்றேன். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

எல்லாரும் நலம். வாய் மட்டும் கொஞ்சம் வறட்சி.

இப்படிக்கு,
டயர் பெரியநாயகம்


ஐதராபாத்,
11 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

டார்ச் வந்தது. மறந்தது என் தப்புதான். இது அந்தத் தப்பு இல்லை, இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அன்று நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். விமானங்களை நிறுத்தி வேலை பார்க்கிற எங்கள் ஹேங்கரில் எதைச் செய்தாலும் எழுதிவைப்போம். எழுதாத வேலை செய்யாத வேலை.

வெங்கடாசலம் அண்ணனின் தக்காளி லாரி வந்தது. பின்பக்கம் இரட்டைச் சக்கரங்களைக் கழற்றி டயர் மாற்றினீர்கள். வேலை முடிந்தது. அவர் லாரியை ஸ்டார்ட் செய்தார். நான் சுவரைப் பார்த்தேன். டயரை நெம்புகிற பெரிய லீவரின் கோட்டுக்குள் காலி. "லீவர் எங்கப்பா?" என்று கேட்டேன். "எங்கனா கெடக்கும், வுடு" என்றீர்கள். இரட்டை டயருக்கு நடுவில் அந்த லீவர் செருகிக்கொள்ள இடம் இருக்கிறது. ஹைவேயில் அது தெறித்தால் பின்னால் பைக்கில் வருகிறவன் கதி என்ன? ஏறிப் போய் லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். லீவர் கிடைக்கிற வரை தரமாட்டேன் என்றேன். எல்லாரும் தேடினோம். கடைசியில் பெரியண்ணன் மாமா லீவரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "ஷட்டர் சிக்கிக்கிச்சு, அதான் எடுத்தேன், யாருனா தேடுனீங்களா?" என்றார். அவ்வளவுதான், ரோடே சிரித்தது. வெங்கடாசலம் அண்ணன், "உம் பொண்ணு பிளேன் ஓடுற ஊர்லயே இருக்கட்டும்பா, தக்காளி ஓடுற ஊருக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் நீங்கள் சொன்னதைச் சொன்னீர்கள்.

இதில் என் தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டவும்.

இன்னொரு செய்தி. லைசென்ஸ் பரீட்சை எல்லாம் முடித்துவிட்டேன். அடுத்த மாதம் கம்பெனியில் மூன்று பேர் உட்கார்ந்து நேர்முகம் வைக்கிறார்கள். இப்போது நான் வேலை செய்வேன், வேறு ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். நேர்முகத்தில் தேறினால் எனக்கென்று ஒரு எண் போட்ட முத்திரை தருவார்கள். அதற்குப் பிறகு, 'இந்த வேலை சரி, இது பறக்கலாம்' என்று சொல்கிற கை என்னுடையது. எட்டு வருடமாக இதற்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். பொங்கலன்று உங்களிடம் நேரில் சொல்லலாம் என்றுதான் வந்தேன். அதற்குள் லீவர் வந்துவிட்டது.

பிளசி


அதியமான்கோட்டை,
20 பிப்ரவரி 2025

பிளசிக்கு,

கோடு போட்டுக் காட்டச் சொன்னாய். 'ஏறிப் போய் லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்' என்ற வரியின் கீழே இரண்டு கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். லாரிக்காரன் பெண்டாட்டியை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பான், சாவியைக் கொடுக்க மாட்டான். (முதல் பாதியை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.) நான் கடை போட்ட நாளில் இருந்து வந்த ஆள் வெங்கடாசலம். இப்போது பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் நம் கடைக்கு நேராக வந்ததும் ஆரன் அடிக்கிறான். நிற்பதில்லை. அந்த ஆரனில் 'சாவி, சாவி' என்று எனக்குக் காதில் விழுகிறது.

உன் அம்மா சொன்னாள், பிளேன் டயருக்கு நைட்ரஜன் என்று தனிக் காற்று அடிப்பீர்களாமே. நான் அடிக்கிற காற்றைச் சாமி ஓசியில் தருகிறார். உங்கள் ஊரில் காற்றுக்கே சர்டிபிகேட் கேட்பார்கள் போல. பத்தாவதை இரண்டு தடவை படித்தவன் நான். இரண்டாவது தடவை இன்னும் நன்றாகப் புரியாமல் போனது. அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

முத்திரை விஷயம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள், இண்டூரில் உன் சித்தப்பா வீடு, தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒகேனக்கல் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள், இவர்களைத் தவிர. ஒகேனக்கல்காரர் மட்டும், "அப்போ பொண்ணு பைலட்டுங்களா?" என்றார். "இல்லீங்க, அந்தப் பைலட்டு இவ கையெழுத்துப் போட்டாத்தான் வண்டிய எடுக்கணும்" என்றேன். பஸ்ஸையே விட்டுவிட்டுக் கேட்டார்.

சுவரில் நீ வரைந்த கோடுகளை நான் அழிக்கவில்லை. உனக்காக இல்லை. மறுபடியும் வெள்ளையடிக்க யாரால் முடியும்?

நேர்முகத்துக்கு நன்றாகப் படி. லீவர் பற்றிக் கேட்டால் அடக்கமாகப் பதில் சொல்.

பெரியநாயகம்


ஐதராபாத்,
6 மார்ச் 2025

அப்பாவுக்கு,

ஒரு சாக்கெட்டைத் தொலைத்துவிட்டேன்.

சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், நட்டு முடுக்குகிற சாக்கெட். பெரிய பரிசோதனைக்கு வந்த ஒரு விமானத்தில், பயணிகள் நடக்கிற தரைக்குக் கீழே ஒரு தாங்கியை மாற்றி, ஓரத்தில் ஈரம் புகாமல் பசை பூசி, தரைப்பலகையை மூடினேன். ஷிப்ட் முடிந்து கருவிப் பெட்டியைத் திறந்தால், ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய பள்ளங்களில் ஒன்று காலி. உங்கள் சுவரில் வரைந்தது எல்லாம் இந்தப் பெட்டியைப் பார்த்துத்தான்.

உடனே போய்ச் சொன்னேன். விமானத்தை நிறுத்திவிட்டார்கள். நான் மூடியதை எல்லாம் திறந்தார்கள். நான் மூடாததையும் திறந்தார்கள். கேமரா வைத்த குழாயை இண்டு இடுக்கெல்லாம் விட்டுப் பார்த்தார்கள். இல்லை. தரைக்கு அடியில்தான் விமானத்தைத் திருப்புகிற கம்பிகள் போகின்றன. அங்கே உருண்டு போய் ஒரு கப்பியில் சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட வேலை செய்கிற இம்தியாஸ் நல்லவன். அதே அளவில் தன்னுடைய சாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தான். "பள்ளத்துல வச்சு மூடு பிளசி, அதுமேல நம்பரையும் நானே பொறிச்சுத் தரேன். உன் நேர்முகம் முடியட்டும், அப்புறம் நிதானமா தேடலாம்" என்றான். வேண்டாம் என்றேன். அவனுக்கு வருத்தம்.

இப்போது என்னை விமானத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லி, பழைய வேலை அட்டைகளை அடுக்குகிற ரெக்கார்டு அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நேர்முகத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். இனிமேல் வருமா என்று தெரியாது. கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. தொலைத்ததும் நான், வாயைத் திறந்து சொன்னதும் நான். சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் முத்திரை கையில் இருந்திருக்கும்.

யோசனை கேட்டு எழுதவில்லை. எழுத வேண்டும் போல இருந்தது. உங்களுக்கு மட்டும்தான் எழுதத் தோன்றியது.

பிளசி


அதியமான்கோட்டை,
12 மார்ச் 2025

கண்ணு பிளசிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு டிராக்டர் டியூபுக்கு இரண்டு தடவை பஞ்சர் ஒட்டினேன், ஓட்டை இல்லாத இடத்தில்.

அந்தப் பையன் இம்தியாஸ் சொல்வதைக் கேள். நல்ல பையனாகத் தெரிகிறது. அவன் கொடுப்பதை வாங்கிப் பள்ளத்தில் வை. முதலில் முத்திரை கைக்கு வரட்டும். எட்டு வருடப் பாடு சுண்டுவிரல் நுனிக்காகப் போகலாமா? இந்தக் கடையில் எத்தனை ஸ்பேனர் போயிருக்கும், எத்தனை வந்திருக்கும். உலகம் நின்றா போனது?

உன் அம்மா விஷயத்தைக் கேட்டதும் நேராகக் கோயிலுக்குப் போய் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே. "சாக்கெட்டுன்னா அவருக்குத் தெரியுமா சகாயராணி, அவர் காலத்துல ஏது பிளேனு?" என்று கேட்டேன். யோசித்தாள். திரும்பிப் போய், நான் வரைந்து கொடுத்த படத்தை மெழுகுவத்திக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். அளவையும் எழுதச் சொன்னாள்.

13 மார்ச், காலை

மேலே எழுதியதைப் படித்துவிட்டாயா? படிக்காதே. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், பேப்பரில் பாதி மிச்சம் இருந்தது. கஞ்சன் அப்பனுக்குப் பிறந்ததற்கு இதையும் பொறுத்துக்கொள்.

இன்று கடையைத் திறந்ததும் சுவர் கண்ணில் பட்டது. லீவர் கோட்டுக்குள்ளே லீவர் இருந்தது. அதே நேரம் வெங்கடாசலத்தின் லாரி ஆரன் அடித்துக்கொண்டு போனது. லோடு நிறையத் தக்காளி, மேலே இரண்டு கூலியாட்கள், பின்னாலேயே ஒரு பைக்கில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. நான் திரும்பிச் சுவரில் இருந்த லீவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பொங்கலன்று லீவர் பெரியண்ணன் கடையில்தான் இருந்தது. சரி. ஆனால் அது அங்கே இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியுமா? தெரியாது. டயருக்கு நடுவில் இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. தெரியாமலேதான் நான் 'போ' என்றேன். உனக்கும் தெரியாது. தெரியாததால் நீ 'நில்' என்றாய். லீவர் கிடைத்த பிறகு சிரிக்க எல்லாராலும் முடியும். கிடைக்கிறதுக்கு முன்னாடி யார் சிரித்தார்கள் என்பதுதான் கணக்கு. நான் சிரித்தேன்.

அதனால் அந்தப் பையன் கொடுப்பதை வைக்காதே. மரியாதையாக வேண்டாம் என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடு. முத்திரை வராவிட்டால் வூட்டுக்கு வா. சுவர் இருக்கிறது, பெயிண்ட் இருக்கிறது.

இதனால் சபதம் முடிந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வாய்க்கு இன்னும் தகவல் போகவில்லை.

அப்பா


ஐதராபாத்,
26 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

இதைப் படிக்கும்போது பக்கத்தில் அம்மாவை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்தோணியாருக்குத் தெரியப்படுத்த வேண்டிய விஷயமும் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் மேலதிகாரி ஒருவர் ரெக்கார்டு அறைக்கு வந்தார். கையில் ஒரு தாள். 'சாக்கெட் விமானத்துக்குள் போகவே இல்லை, வெளியில்தான் தொலைந்தது' என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தால் விமானமும் கிளம்பிவிடும், நேர்முகமும் நடக்கும். கெட்டவர் இல்லை அப்பா, அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. மதியம் வரை யோசித்துச் சொல் என்று வைத்துவிட்டுப் போனார்.

பழைய அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். முன்பக்கத்தையும் படித்தேன், மன்னிக்கவும். பிறகு பின்பக்கத்தைப் படித்தேன். எழுந்து போய், "வெளியில் தொலைந்தது என்று எனக்குத் தெரியாது சார், தெரியாததை எழுத முடியாது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி வூட்டுக்கு வந்து சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் ஹேங்கரே அதிர ஒரு அலறல். இம்தியாஸ். வேறொரு விமானத்தின் கீழே வேலை செய்ய முட்டி போட்டிருக்கிறான். முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்ள எங்களிடம் சின்னச் சின்ன ரப்பர் மெத்தைகள் உண்டு. அதில் ஒன்றை இழுத்துப் போட்டு முழு எடையோடு முட்டியை ஊன்ற, எதுவோ குத்தியிருக்கிறது. மெத்தையைத் திருப்பினால், அடிப்பக்கத்தில் காய்ந்த பசையில் ஒட்டிக்கொண்டு என் சாக்கெட்! நான் பூசிய பசை மெத்தைக்கு அடியில் சொட்டி, சாக்கெட் அதில் ஒட்டி, மெத்தையை யாரோ அடுத்த விமானத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். அத்தனை பேர் தேடியபோதும் அந்த மெத்தையைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இம்தியாஸ் நொண்டிக்கொண்டே வந்து என் கையில் வைத்தான். "வேற சாக்கெட் குடுக்க வந்தேன்ல, சாமி என் முட்டிலயே குடுத்துட்டாரு" என்றான்.

இரண்டு நாள் கழித்து நேர்முகம். விமானத்தைப் பற்றி நிறையக் கேட்டார்கள், சொன்னேன். கடைசியில் மூன்று பேரில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சாக்கெட் விமானத்தில் இல்லை. அப்படியானால் விமானத்தை நிறுத்த வைத்தது தவறுதானே?" என்றார். அடக்கமாகப் பதில் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். "சார், கிடைத்த பிறகு யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம். கிடைக்கிறதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாது. தெரியாதபோது நிறுத்தத்தான் இந்த முத்திரை என்றால் கொடுங்கள். இல்லை என்றால் எனக்கு வேண்டாம்." மூத்தவர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். "இதை எந்த இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்றார். "அதியமான்கோட்டையில் ஒரு பஞ்சர் கடை, சார்" என்றேன்.

முத்திரை கைக்கு வந்துவிட்டது அப்பா.

முதல் முத்திரையை அதே விமானத்தில்தான் போட்டேன். சாக்கெட்டைத் தேடித் திறந்திருந்த தரைப்பலகையை நானே பார்த்து, மூட வைத்து, அந்த வேலை அட்டையில் அழுத்தினேன். நேற்று அது கிளம்பியது. நாங்கள் எல்லாரும் ஹேங்கர் வாசலில் நின்றோம். சக்கரம் தரையை விட்டு எழும்பியபோது இம்தியாஸ் விசிலடித்தான். நான் அழவில்லை. அம்மாவிடம் மட்டும், அழுதேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

பிளசி


அதியமான்கோட்டை,
27 மே 2025

அன்பு மகளுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லையே என்று நினைத்திருப்பாய். உன் கடிதத்தை டீக்கடையில் படிக்கக் கொடுத்தேன். அங்கே இருந்து சலூன், சலூனில் இருந்து இண்டூர், இண்டூரில் இருந்து பங்குச்சாமி அறை என்று சுற்றிவிட்டு, போன வாரம்தான் நாலாக மடிந்து, மீன் வறுவல் வாசத்தோடு வந்து சேர்ந்தது. அது எப்படி ஒகேனக்கல் போனது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். 'பஞ்சர் கடை, சார்' என்ற வரியைத் தொட்டுத் தொட்டு அந்த இடமே கறுத்துவிட்டது.

இப்போது தேர் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் கோயில் திருவிழா. மாதா தேரின் நான்கு சக்கரத்துக்கும் கிரீஸ் வைத்து நட்டு முடுக்குவது வருஷா வருஷம் நான்தானே. இந்தத் தடவை என்ன கிறுக்கோ, கடைச் சுவரில் இருந்து எடுத்துப்போன சாமான்களை வைக்க ஒரு சாக்கை விரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். பார்த்தவன் எல்லாம் பெரியநாயகம் கோலம் போடுகிறான் என்றான்.

சாயங்காலம் ஜெபம் முடிந்தது. மாதாவுக்கு மாலை போட்டாயிற்று. சீரியல் லைட் எரிகிறது, வெடி தயார், ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வடத்தைப் பிடித்துவிட்டார்கள். பிள்ளைகள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். நான் சாக்கைச் சுருட்டக் குனிந்தேன். பாக்ஸ் ஸ்பேனர் இடத்தில் வெறும் சாக்பீஸ் கோடு.

பிளசி, சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் சாக்கைச் சுருட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கை சுருட்டவில்லை. நேராகப் போய்த் தேருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "தேர் நகராது" என்றேன்.

விழாக் கமிட்டி அருள்பிரகாஷ் ஓடிவந்தான். "யோவ், என்னாய்யா ஆச்சு?" "ஸ்பேனர் ஒண்ணு காணோம். சக்கரத்துக்கு மேல எங்கனா கெடந்தா, ஆட்டத்துல வுழுந்து பசங்க கால்ல ஏறும்." "மாதா பாத்துக்குவாங்க, வழிய வுடு." "மாதா பாத்துட்டுத்தான் எங்கிட்டச் சொல்றாங்க." இதில் என்ன கொடுமை என்றால், அருள்பிரகாஷ் கையில் மைக் இருந்தது. அணைக்கவில்லை. எங்கள் சண்டை அதியமான்கோட்டைக்கே ஸ்பீக்கரில் ஓடியது. உன் அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

பாதிப் பேர் திட்டினார்கள், பாதிப் பேர் செல்போன் லைட்டோடு தேருக்கு அடியில் புகுந்தார்கள். பங்குச்சாமியும் அங்கியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. பாடற்குழு சும்மா இருப்பானேன் என்று அடுத்த பாட்டை எடுக்கப் போனது. பாட்டுப் பேப்பரைக் குழுவில் பாடுகிற யுவராணி தூக்க, 'டங்' என்று ஒரு சத்தம். காற்றுக்குப் பேப்பர் பறக்கிறது என்று அந்தப் பெண் என் ஸ்பேனரை எடுத்து வெயிட்டுக்கு வைத்திருக்கிறாள்!

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. பொங்கலன்று சிரித்தது எல்லாம் அதில் கால்வாசி கூட இல்லை. அருள்பிரகாஷ், "இதுக்காடா தேர நிறுத்துன?" என்றான். நான் மைக்கை வாங்கினேன். உன் வரியைச் சொன்னேன். என் வரிதான், ஐதராபாத் போய் வந்ததால் உன்னுடையது ஆகிவிட்டது. "அது பாட்டுப் பேப்பர் மேல இருந்துச்சுன்னு இப்ப தெரியுது. ரெண்டு நிமிசம் முன்னாடி உங்கள்ல யாருக்குய்யா தெரியும்? கைய தூக்குங்க." யாரும் தூக்கவில்லை. வடம் பிடித்திருந்த ஒரு அம்மா, "அவரு சொல்றதும் நாயந்தானே, எம் பேரன் சக்கரத்துக்கிட்டத்தான் நிக்கறான்" என்றாள். பங்குச்சாமி முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லாரும். "இப்ப இழுங்க!" என்று நான் கத்தினதும் வெடி வெடித்தது, மேளம் கிளம்பியது, மாதா ஒரு குலுங்கல் இல்லாமல் கிளம்பினாள் பார், எனக்கு அவ்வளவு பெரிய வண்டியை நானே பறக்க விட்ட மாதிரி இருந்தது.

ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்த லாரி யாருடையது என்று நினைக்கிறாய்? வெங்கடாசலம். வேண்டுதலுக்காக அவன் வருஷா வருஷம் தருவதுதானே. எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறான். நேற்றுக் காலை கடை திறக்கிறேன், லாரி வாசலில் நிற்கிறது. இறங்கிவந்தான். சுவரைப் பார்த்தான். ஒரு ஆணியை எடுத்துக் கருவிகளுக்கு நடுவில் அடித்தான். தன் சாவியைக் கழற்றி அதில் மாட்டினான். "நாலு சக்கரமும் பாரு. கோடு எல்லாம் ரொம்பின பொறவு சாவிய குடு. உம் பொண்ணுகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு" என்றான். இந்த வருடம் நான் சம்பாதித்தது எதுவும் அந்தச் சாவிக்குப் பக்கத்தில் நிற்காது. அதைச் சுற்றியும் கோடு வரைந்துவிட்டேன். என் வரைதல் கொஞ்சம் கோணல், பார்க்கத் தவளை மாதிரி இருக்கிறது.

கடைசி விஷயம். நீ எழுதினாயே, எழுதாத வேலை செய்யாத வேலை என்று. கீழே ஒரு வேலை அட்டை எழுதியிருக்கிறேன். சரிபார்த்து, முத்திரை போட்டுத் திருப்பி அனுப்பவும்.

வேலை அட்டை
பழுதான பொருள்: வாய், ஒன்று. ஐம்பத்தாறு வருடம் ஓடியது.
பழுது: பொங்கலில் இருந்து மகளிடம் திறக்கவில்லை. மற்றவர்களிடம் தேவைக்கு மேல் திறக்கிறது.
காரணம்: தப்பு மகள் பக்கம் என்று நினைத்துத் தவறாக முடுக்கப்பட்டது. தப்பு இந்தப் பக்கம்.
செய்த வேலை: தேருக்கு முன்னால் நின்று தளர்த்தப்பட்டது.
வேலை செய்தவர்: பெரியநாயகம்
ஓட்டிப் பார்த்தது: 
விடுவிப்பவர்: 


ஐதராபாத்,
9 ஜூன் 2025

அன்புள்ள அப்பா,

அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். முத்திரை போடவில்லை. அது விமானத்துக்கு மட்டும்தான், விளையாட்டுக்கு எடுத்தால் பிடுங்கிவிடுவார்கள். பேனாவில்தான் எழுதியிருக்கிறேன். அட்டை வந்ததும் உடனே கையெழுத்துப் போட்டிருக்கலாம், ஆனால் ஓட்டிப் பார்க்காமல் நான் எதையும் விடுவதில்லை. அதனால்தான் நேற்று பூசை முடிகிற நேரம் பார்த்துப் போன் செய்துவிட்டு, நீங்கள் பேசுகிற வரை நான் வாயே திறக்கவில்லை. அம்மா பின்னால் இருந்து, "பேசித் தொலைங்க, போன் சூடாவுது" என்றது இங்கே கேட்டது.

கீழே இருப்பதைக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். சுற்றிலும் கோடு போட மறக்க வேண்டாம்.

பிளசி

ஓட்டிப் பார்த்தது: 8 ஜூன், ஞாயிறு. முதலில் இருமல் சத்தம் மட்டும் வந்தது. பிறகு வந்த முதல் வாக்கியம்: "டார்ச்சு பத்திரமா இருக்குதா கண்ணு?" அதன்பின் தடையில்லாமல் ஓடியது. தேர்க் கதை முழுவதும் இரண்டு தடவை வந்தது, இரண்டாவது தடவை கூட்டம் அதிகமாக இருந்தது.
தள்ளிவைத்த பழுது: ஆரம்பித்தால் நிற்பதில்லை. ஆபத்து இல்லை. சரிசெய்யத் தேவையில்லை.
முடிவு: பறக்கத் தகுதியானது.
விடுவிப்பவர்: பெ. பிளசி